ரிப்போர்ட் திங்கட்கிழமை

வெள்ளிக்கிழமை தொண்டையில் சதை எடுத்தார்கள்.
ரிப்போர்ட் திங்கட்கிழமை.
நடுவே கிடக்கும் சனி ஞாயிறுதான் என் பிழைப்பு.
லாட்ஜ் சுவரில் பல்லி எண்ணி முடித்தவர்களை
வேலூரில் ஏற்றி, ஜவ்வாது மலை காட்டி,
இருட்டியபின் கொண்டுவந்து இறக்கிவிடுவேன்.
டீசல் சேர்த்து ஒரே வாடகை.
நோயாளிக்கு முன்சீட்டு.

இந்த வாரம் ஹரிபத மண்டல்.
கடல் வந்து வந்து கரையைத் தின்னும்
வங்காளத்துத் தீவொன்றில் படகோட்டி.
பேசக்கூடாதென்று டாக்டர் உத்தரவு.
அவருக்கும் சேர்த்து அவர் சம்சாரம் பேசினார்.
எனக்கோ சவாரிகள் கற்றுத்தந்த வங்காளம்:
வலிக்குதா, வாந்தி வருதா, மெதுவா இறங்குங்க.
இதை வைத்துக்கொண்டு
ஒரு மலையை எப்படிச் சொல்வது?

வந்த அன்றே காட்பாடிப் பாலத்தில் கேட்டாராம் அந்தம்மா,
ஆறு எங்கே என்று.
அதன் மேல்தான் போகிறோம் என்றார்களாம்.
எங்கள் ஊர்ப் பெருமை அப்படி:
தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை.

அமிர்தியில் கூண்டுக்குள் ஒரு மயில்,
கூண்டுக்கு வெளியே மூன்று.
மண்டல் வெளியே நின்றவற்றுக்குத்தான் கைதட்டினார்.

அப்புறம் ஏற்றம். செகண்ட் கியர்.
அவர் ஊரில் உயரமென்றால் கரைமேடு, அதுவும் ஆளுயரம்.
மூன்றாவது வளைவில் என் தோளைத் தட்டினார்.
வாந்தியோ என்று நிறுத்தினேன்.
இறங்கிப்போய்
ஜுரம் பார்ப்பதுபோல்
பாறையில் புறங்கை வைத்து நின்றார்.

ஜமுனாமரத்தூரில் சாமைக் கஞ்சி.
கடைக்காரி வெள்ளச்சி அவர் கழுத்தைப் பார்த்தாள்,
கேட்காமலே இன்னொரு தரம் வடிகட்டினாள்.

ஏரியில் அன்னப்பறவைப் படகு, மிதிக்கிற வகை.
புயலில் முகத்துவாரம் தாண்டியவர்
லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு
பிளாஸ்டிக் கழுத்துக்குப் பின்னால் உட்கார்ந்து
மிதித்தார், மிதித்தார்,
அரைமணி டிக்கெட் தீரும்வரை.
கரைக்கு வந்ததும் கயிற்றை வாங்கி
அவரே ஒரு முடிச்சுப் போட்டார்.
அதை அவிழ்க்க அந்தப் பையன் பட்ட பாடு!
அன்றைக்கு அவர் சிரித்தது அப்போதுதான்,
சத்தமில்லாமல், வயிறு மட்டும் குலுங்க.

பீமன் அருவியில் தண்ணீர் நூலாக இருந்தது.
மன்னிப்புக் கேட்டேன்,
என்னவோ நான்தான் குழாயை மூடிவைத்தவன் மாதிரி.

காவலூரில் நட்சத்திரம் பார்க்க வரிசை.
ஒரு மணி நேரம் நின்றோம். மேகம்.
வாட்ச்மேன் வானத்தைக் காட்டிக் கைவிரித்தார்.
மண்டல் விரலை எச்சிலில் நனைத்து உயர்த்தினார்,
காற்றைக் கேட்டார்,
பிறகு நான்கு விரல் காட்டினார்.
நான்கு மணி நேரத்தில் விலகிவிடும்.
எங்களுக்கு அவ்வளவு நேரம் இல்லை.

ஆலங்காயம் இறக்கத்தில் செக்போஸ்ட்.
சந்தனக்கட்டைக்குச் சோதனை, பையைத் திற.
ஸ்கேன் கவருக்குள்
கறுப்புப் படங்களுக்கு நடுவே
தேங்காய்மூடி அளவில் ஒரு கல்.
எதுக்கு இது?
அந்தம்மா என்னைப் பார்த்தார். எடுத்தது அவர்தான் போல.
அவங்க ஊர்ல கல்லே கிடையாதுங்க சார்,
எவ்வளவு தோண்டினாலும் சேறுதானாம்.
காவலர் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
காட்டிலிருந்து ஒரு இலைகூட எடுக்கக்கூடாது
என்ற பலகைக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தார்.
நோட்டில் எழுதினார்: ஆட்கள் மூன்று.
பேனா கொஞ்சம் நின்றது.
பிறகு நோட்டை மூடினார்.

அடுத்த சனி வேறு ஆட்கள், அஸ்ஸாம்.
அதே காவலர். பையைக் கேட்கவில்லை.
ஜன்னலில் குனிந்து,
அந்தக் கல்லுக்காரருக்கு என்னன்னு வந்துச்சு?

ரிப்போர்ட் விசாரிப்பதில்லை என்று
எனக்கு ஒரு கணக்கு உண்டு.
ஊருக்குக் கொண்டுபோயிருப்பார் சார், என்றேன்.
தடுப்புக் கம்பத்தைத் தூக்கினார்.